நண்டுகள் கரையேறிய நாள்

சாரல் காலத்தில் தென்காசியில் தனியாக இருப்பது கொஞ்சம் கஷ்டம். ஊர் ஊராகக் கிளம்பிக் குற்றாலத்தில் குளிக்க வருவார்கள். பேருந்தில் ஏறினால் ஈரத் தலையும் எண்ணெய் வாசனையுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ரம்புட்டான் பை, ஜன்னல் கம்பியில் காயப்போட்ட துண்டு, வாய் திறந்தபடி தூங்கும் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் நான் நீளக் கம்பு வைத்த வலையையும் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். "மீன் புடிக்கவாம்மா?" என்று யாராவது கேட்பார்கள். "இல்லைங்க, பூச்சி" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பூச்சிதான் என் வேலை. மேற்கே மலையடியில் தொடங்கி, வடகரை வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே ஓடி, கடைசியில் வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஆற்றோடு கலக்கிற ஓர் ஓடை. அது எந்த அளவுக்கு ஆரோக்கியமாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு சிறிய அறக்கட்டளை என்னை வேலைக்கு வைத்திருந்தது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அந்த நேரத்தில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதுதான் தெரியும். நேற்று என்ன ஓடியது, போன மாதம் எதைக் கொட்டினார்கள் என்பதெல்லாம் தெரியாது. ஆனால் ஓடையின் அடியில், கல்லுக்குக் கீழே மாதக்கணக்கில் வாழ்கிற பூச்சிக் குஞ்சுகள் இருக்கின்றன. சிலது தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் செத்துவிடும். சிலது சாக்கடையிலும் சந்தோஷமாக இருக்கும். எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால் ஓடை இத்தனை நாள் எப்படி வாழ்ந்தது என்று சொல்லிவிடலாம்.

அதற்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். அந்த வேலை போனது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் என் மணவாழ்க்கையும் சண்டை எதுவும் இல்லாமல், ஒரு வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல முடிந்தது. தெரிந்தவர் யாரும் இல்லாத ஊர் என்பதற்காகவே தென்காசியை ஒப்புக்கொண்டேன் என்று நினைக்கிறேன். வந்த பிறகுதான் அதன் முழு அர்த்தம் தெரிந்தது. எலக்ட்ரிக்கல் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை. கீழே கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனதும் அந்தக் கட்டடத்தில் நான் மட்டும்தான். சில நாட்களில், பரோட்டாக் கடையில் "ரெண்டு பரோட்டா, சால்னா தனியா" என்று சொன்னதுதான் அன்றைக்கு நான் பேசிய முழுப் பேச்சாக இருக்கும்.

மலையடியில் என் முதல் இடம் இருந்தது. அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி. கல்லைத் திருப்பினால், நல்ல தண்ணீரில் மட்டும் வாழ்கிற மூன்று வால் பூச்சிக் குஞ்சுகள் விலகி ஓடும். ஆனால் யானை வந்து போகிற வழி என்று வனக்காவலர் சொல்லியிருந்ததால் அங்கே அதிக நேரம் நிற்க மாட்டேன். ஊரைத் தாண்டிக் கீழே வந்தால், நெல் வயல்களுக்கு நடுவே ஓடை வளைகிற இடத்தில் இன்னோர் இடம். அங்கேதான் அவளைப் பார்த்தேன்.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு காலால் கற்களைக் கிளறி, அடித்துக்கொண்டு வருவதை வலையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு அங்கன? தண்ணிக்குள்ள நின்னு என்ன செய்யுதிய?"

சேலைக்கு மேல் வெளுத்துப்போன பட்டாளத்துப் பச்சைச் சட்டை போட்டிருந்தாள். கையில் புல்லறுக்கும் அரிவாள். என் வயதுதான் இருக்கும்.

"பூச்சி பாக்கறேனுங்க."

"எங்க ஓடையில பூச்சி இருக்கான்னு பாக்கவா கவர்மெண்டு சம்பளம் குடுக்கு?"

"கவர்மெண்ட் இல்லைங்க. ஒரு டிரஸ்ட்."

"அப்ப சரி. கவர்மெண்டுன்னா வேற என்னத்துக்காவதுல்லா வந்திருப்பாவ."

இறங்கி வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். வலையில் வந்ததையெல்லாம் தண்ணீரோடு அந்த வெள்ளைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் காத்திருந்தால், முதலில் வெறும் சருகும் மணலுமாகத் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக அசைய ஆரம்பிக்கும். அவள் ஒரு சின்னக் குச்சியை விரலால் காட்டினாள்.

"இத எதுக்கு எடுத்து வச்சிருக்கிய?"

"நல்லாப் பாருங்க, அந்தக் குச்சி நடக்குது."

அது ஒரு புழு. மணலையும் குச்சித் துண்டுகளையும் எச்சிலால் ஒட்டித் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு, அதையும் இழுத்துக்கொண்டே திரியும். கூட்டின் முனையில் ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்ததும் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"வீட்டத் தூக்கிக்கிட்டே அலையுது! எங்க வீட்டுக்காரவியளும் இப்படித்தான். எந்த ஊருக்கு மாத்தினாலும் ஒரு டிரங்குப் பெட்டி."

அவளுடைய கணவர் ராணுவத்தில் எங்கோ வடக்கே இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை, சில வருடம் இரண்டுமுறை விடுப்பில் வருவார். மகள் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படித்தாள். மாமியார் இறந்த பிறகு அந்த வயலும் தோப்பும் இவள் கைக்கு வந்தன. பெரிய வீட்டில் ஒருத்தியாக இருந்துகொண்டு, ஆள் பிடித்து நாற்று நட்டு, தண்ணீருக்குச் சண்டை போட்டு, அறுத்து விற்றுக்கொண்டிருந்தாள்.

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த இடத்துக்கு நான் போகவேண்டும். அடுத்தமுறை போனபோது வரப்பில் ஒரு தூக்குவாளி இருந்தது. அதில் சுக்குக் காப்பி. அதற்கடுத்த முறை அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும். என்னைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு வருவாள். நான் பொறுக்கிப் போடுகிற ஒவ்வொன்றையும் என்ன என்று கேட்பாள். தட்டான் குஞ்சைப் பார்த்து, "இந்த அசிங்கமா பின்னால தட்டானாவுது?" என்று நம்பாமல் கேட்டாள். பேச்சோடு பேச்சாக வயதைக் கணக்குப் பார்த்ததில் அவள் என்னைவிடச் சில மாதம் மூத்தவள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து 'மேடம்' போய் 'ஏட்டி' வந்தது. நான் 'அக்கா' என்றேன்.

ஒருநாள் கேட்டாள். "ஒன் வீட்டுக்காரரு எங்கட்டி இருக்காரு?"

தென்காசியில் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லிப் பழகியிருந்தேன். அவளிடம் அப்படிச் சொல்ல வரவில்லை.

"சேந்து இல்லைங்க்கா."

கிழங்கின் நாரைப் பிய்த்துக் கீழே போட்டாள். பிறகு, "நானுந்தான் சேந்து இல்ல. ஆனா ஊரு என்னய அப்படிச் சொல்லாது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை. பரிதாபமாகவும் பார்க்கவில்லை. திரும்பிப் போகும் பேருந்தில், வெகுநாளைக்குப் பிறகு, யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றியது. அடுத்தமுறை போக வேண்டிய நாளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கார் நெல் கதிர் விடத் தயாராகிற சமயம். ஆவணிப் பக்கம். வெயிலும் சாரலும் மாறிமாறி அடித்தன. அன்று காலையில் ஓடைக்கு இறங்கும் முன்பே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கரையில் நண்டுகள் நின்றன. ஒன்று இரண்டு அல்ல. ஓடையின் இரு பக்கமும், தண்ணீரை விட்டு மேலேறி, சேற்றிலும் புல்லிலும் நின்றன. நான் பக்கத்தில் போனேன். சாதாரணமாக நிழல் பட்டாலே வளைக்குள் ஓடுகிற நண்டுகள் அன்று நகரவில்லை. சிலது மல்லாந்து கிடந்து காலை மட்டும் மெல்ல அசைத்தன. தண்ணீர் தேங்கியிருந்த ஓரத்தில் அயிரை மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

வலையைப் போட்டேன். தொட்டியில் கொட்டினேன். சருகும் மணலும் இருந்தன. காத்திருந்தேன். எதுவும் அசையவில்லை. சின்னச் சின்ன உடல்கள் கிடந்தன. மூன்று வால் குஞ்சுகள், சுருண்டு போன தட்டான் குஞ்சுகள், கூட்டிலிருந்து பாதி வெளியே வந்தபடி செத்த புழுக்கள்.

வலையை அங்கேயே போட்டுவிட்டு ஓடையோரமாக மேலே நடந்தேன். ஒரு வயலளவு தூரம்தான் இருக்கும். அவளுடைய வயல் மூலையில், ஓடைக்கு இறங்கும் படியில், மருந்தடிக்கிற ஆள் முதுகு டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த மருந்தை ஓடையில் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் மொண்டு குலுக்கி, மறுபடியும் கவிழ்த்தார். தண்ணீரில் பால் கலந்தமாதிரி ஒரு வெள்ளை வால் நீண்டு போயிற்று. அவருக்கு மேலே ஓடை தெளிவாக ஓடியது. அங்கே கல்லைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன.

அவள் வரப்பில் நின்று அவரிடம், "சட்டுன்னு இன்னொருக்கக் கழுவிட்டு வாங்கண்ணே, மேலத்துண்டு வயலுக்கு வேற மருந்து கலக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அக்கா, கொஞ்சம் கீழ வந்து பாருங்க" என்றேன்.

அழுகை வந்துவிடும் போல இருந்தது. அவள் வந்து நண்டுகளைப் பார்த்தாள். செத்த மீன்களைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். நான் சொன்னேன், டேங்கை இங்கே கழுவியதால்தான் என்று. மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தேன். ஆனால் மருந்தடிக்கிறவர் காதில் விழுந்துவிட்டது. அவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் முகம் மாறியது.

"புழுவுக்காக அழுதியா? இலையச் சுருட்டித் தின்னு பாதி வயலு வெளுத்துப் போச்சே, அது தெரியுதா ஒனக்கு? வருசம் பூரா ஒத்தையில கெடந்து சாவுதேன், அதுக்கு யாரு அழுதா?"

"அக்கா, நான் மருந்தடிக்க வேண்டாம்னு சொல்லல..."

"நீங்க எழுதவேண்டியத எழுதிக்கிடுங்க மேடம்."

அந்த 'மேடம்' என் மேல் விழுந்த மாதிரி இருந்தது. அவள் திரும்பி வரப்பேறிப் போய்விட்டாள். நான் செத்தவற்றைப் புட்டியில் போட்டு மூடினேன். மடங்கிக் கிடந்த ஒரு நண்டை எடுத்து மேலே, தெளிந்த தண்ணீரில் விட்டேன். அது பிழைத்ததா என்று தெரியாது.

அறிக்கையில் அந்த இடத்துக்கு 'மிக மோசம்' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், மேற்புறம் மருந்துக் கருவி கழுவப்பட்டது என்று எழுதினேன். யாருடைய வயல் என்று எழுதவில்லை. அலுவலகத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் தென்காசியில் எனக்கு மிக மோசமான நாட்கள். முன்பு யாரையும் தெரியாமல் தனியாக இருந்தேன், அது பழகியிருந்தது. இப்போது ஒருத்தியைத் தெரிந்தபிறகு தனியாக இருந்தேன். போக வேண்டிய நாளில் போவேன். அவள் தூரத்தில் களை பறித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பச்சைச் சட்டை தெரியும். திரும்பிப் பார்க்கமாட்டாள். நான் கல்லைக் கிளறி, தொட்டியில் கொட்டி, உட்கார்ந்து பொறுக்குவேன். சாரல் ஓய்ந்து குளிக்க வருகிற கூட்டமும் குறைந்துவிட்டது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையிலேயே கிடந்தேன். கூரை விசிறியில் ஒரு சத்தம் இருந்தது. அதைச் சரிசெய்யக் கீழே கடைக்காரரிடம் சொல்லலாம். சொல்லவில்லை. அந்தச் சத்தமும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று இருந்தது.

ஓடை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. மேலே நல்ல தண்ணீர் இருந்ததால் உயிர்கள் அங்கிருந்து தண்ணீரோடு அடித்துக்கொண்டு வரும். முதலில் வந்தது சாக்கடையிலும் வாழ்கிற சிவப்புப் புழு. பிறகு ஒருநாள் மயிரிழை போல, கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்கிற அளவில், மூன்று வால் குஞ்சு ஒன்று. அதைக் கண்டதும் சட்டென்று தலையைத் தூக்கி வரப்பைப் பார்த்துவிட்டேன். அங்கே யாரும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருநாள் மருந்தடிக்கிறவர் எதிரே வந்தார். ஓடைப் படியைத் தாண்டி, தோப்பின் மேட்டு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஒரு குழி வெட்டி, பக்கத்தில் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"இங்கனதான் கழுவணுமாம். ஓடப் பக்கம் டேங்கக் கொண்டு போனா இனி வரவேண்டாம்னுட்டாவ அக்கா. தண்ணியெல்லாம் அவியளே சுமந்து ஊத்துதாவ."

நான் வயலைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனேன். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒனக்காகச் செய்யல கேட்டியா" என்றாள். "சோறு திங்க உக்காந்தா அந்த நண்டுதான் கண்ணுக்குள்ள நிக்கு. தண்ணிக்குள்ள கெடக்கியது, தண்ணி வேண்டாம்னு ஓடி வந்து நின்னுச்சே."

"நான் அந்த ஆள் முன்னால சொல்லியிருக்கக் கூடாதுங்க்கா."

"ஆமா. சொல்லியிருக்கப்படாது." சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "ஒன் பூச்சி வந்துட்டா?"

"கொஞ்சம் வந்திருக்குது."

"வா, பாப்போம்."

அன்று அவளே தண்ணீரில் இறங்கினாள். நான் வலையைப் பிடித்துக்கொண்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யார்மேலோ உள்ள கோபத்தைத் தீர்ப்பதுபோலக் கற்களை உதைத்தாள். வலை கலங்கி நிறைந்தது. "மெதுவாக்கா, மலையவே கொண்டுவந்துருவீங்க போல" என்றேன். தொட்டியில் கொட்டிவிட்டு இரண்டு பேரும் இரண்டு பக்கமும் குனிந்து காத்திருந்தோம். வீடு கட்டும் புழு வரவில்லை. அது வர நாளாகும். மூன்று வால் குஞ்சுகள் நிறைய இருந்தன. ஒரு விரல்நுனி இறால். அவள்தான் முதலில் கண்டாள்.

அப்போதுதான் சொன்னாள். "அவியளுக்குக் குவார்ட்டர்ஸ் கெடச்சிருக்காம். வந்துருன்னு சொல்லுதாவ. அடுத்த அறுவடை முடிஞ்சதும் போறேன்."

"நல்லதுதானுங்க்கா" என்றேன். நல்லதுதான்.

"பாஷை தெரியாது. அங்கன போயி யாருகிட்டப் பேச? வாயத் தொறக்காம எத்தன நாளு இருக்க முடியும்?"

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கிறாளா என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, தன்னைத்தான் கேட்டுக்கொண்டாள்.

மழைக்காலப் போகமான பிசான நெல்லை அறுத்துவிட்டு மாசியில் கிளம்பினாள். வழியனுப்பத் தென்காசி ரயில் நிலையத்துக்குப் போனேன். அண்ணன்மார், கொழுந்தன்மார், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று பெரிய கூட்டம். மகளும் வந்திருந்தாள். நான் ஒரு தூணருகே நின்றேன். அவள் என்னைக் கண்டு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இவதான், நம்ம ஓடையப் பாத்துக்கிடுத பிள்ள" என்று எல்லோருக்கும் சொன்னாள். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுபடி பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார்கள். வண்டி நகர்ந்தபோது அவள் யாரைப் பார்த்துக் கையசைத்தாள் என்று சொல்ல முடியவில்லை. அத்தனை பேர் நின்றோம். நானும் அசைத்தேன்.

முதலில் அடிக்கடி போனில் பேசினாள். குளிர், சப்பாத்தி, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி, அவளிடம் கையைக் காலை ஆட்டிப் பேசுகிற கதை. பிறகு பண்டிகை வாழ்த்துப் படங்கள் வந்தன. பிறகு அதுவும் குறைந்தது. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி போடுகிறவர். நெல்லை விட்டுவிட்டுக் கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கிறார். அதற்கு நெல்லைவிட அதிகமாக மருந்து வேண்டும். இந்தச் சாரல் காலத்தில் முதல்முறை அங்கே போனபோது அவரிடம் நானாகப் போய்ப் பேசினேன். ஆள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். டேங்கை மேட்டில் கழுவும்படிக் கேட்டுக்கொண்டேன். தொட்டியில் இருந்ததைக் காட்டினேன். அவர் அவசரத்தில் இருந்தார். பைக்கை விட்டு இறங்காமலே எட்டிப் பார்த்தார்.

"சரிக்கா, பாக்கேன்" என்றார். செய்வாரா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தொட்டியைத் தண்ணீரில் மெல்லச் சாய்த்து, உள்ளே இருந்த உயிர்களைத் திரும்ப விட்டேன். அன்றைக்கு அந்த இடத்துக்கு 'நடுத்தரம்' என்று எழுதினேன். மலைப்பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓடையின் கரையோடு கிழக்கே அடுத்த இடத்தைப் பார்க்க நடந்தேன்.